எஸ்.ஜி.பி.டி. ஏன் இறங்கவில்லை? மும்பை வாசகர்களின் கல்லீரல் கேள்விகள்

கல்லீரல் பற்றியும், உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் ஆட்டோ இம்யூன் நோய்கள் பற்றியும் மும்பை, தானே, நவி மும்பை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஏழு இங்கே. தலைப்பில் வரும் எஸ்.ஜி.பி.டி.யும் அதன் ஜோடியான எஸ்.ஜி.ஓ.டி.யும் கல்லீரல் செல்கள் அழியும்போது ரத்தத்தில் ஏறும் நொதிகள். ரிப்போர்ட்டை இணைத்து அனுப்பியவர்களுக்கு நன்றி. ‘லிவர் கொஞ்சம் வீக்காம்’ என்று மட்டும் எழுதியவர்கள் எண்களோடு மறுபடி எழுதுங்கள்.

எனக்கு 41 வயது, எடை 54 கிலோ, சர்க்கரை இல்லை. எட்டு மாதமாக ஒரே அசதி. காலையில் விரல்கள் மடங்க அரைமணி நேரம் ஆகிறது. எஸ்.ஜி.பி.டி. 168, எஸ்.ஜி.ஓ.டி. 142. மூன்று முறை எடுத்தும் நூற்றுக்குக் கீழே வரவில்லை. ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் நெகட்டிவ். சோனோகிராபியில் ‘ஃபேட்டி லிவர் கிரேடு 1’. ஒரு டாக்டர் நடைப்பயிற்சி போகச் சொல்கிறார். இன்னொருவர் பத்து நாள் ஸ்டீராய்டு கொடுத்துப் பார்க்கலாம் என்கிறார். கொரோனா காலத்திலிருந்து தினமும் கிலோய் காடா குடிக்கிறேன். அதைத் தொடரலாமா?
– வாசகி, செம்பூர்

காடா என்கிற அந்தக் கஷாயத்தை இன்றே நிறுத்துங்கள். கிலோய் என்பது நம் ஊர் சீந்தில் கொடிதான். 2020 கடைசியில் இதைக் குடித்து வந்த 6 பேருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021-ல் பதிவு செய்தார்கள். பயாப்ஸியில், அதாவது ஊசியால் எடுத்த கல்லீரல் துண்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்ததில், அது எதிர்ப்புச் சக்தியே கல்லீரலைத் தாக்கும் ஆட்டோ இம்யூன் ஹெபடைடிஸ் போலவே இருந்தது. ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை. அடுத்த ஆண்டு பல ஊர் மருத்துவமனைகள் சேர்ந்து வெளியிட்ட தொகுப்பிலும் இதே மாதிரி நோயாளிகள் இருந்தார்கள். கொடி உங்களுக்கு நோயைக் கொண்டுவந்ததா, உள்ளே ஏற்கெனவே இருந்த நோயைத் தட்டி எழுப்பியதா என்பதைப் பிறகு பார்க்கலாம். இரண்டில் எதுவானாலும் நிறுத்த வேண்டியதுதான்.

நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் யாரும் வட்டம் போடாத ஒரு வரி இருக்கிறது. மொத்தப் புரதம் 9.0, ஆல்புமின் 3.6. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 5.4 வருகிறது. அதுதான் குளோபுலின். பெரும்பாலோருக்கு இது 2-க்கும் 3.5-க்கும் இடையில் இருக்கும். உங்கள் எஸ்.ஜி.பி.டி.யைவிட எங்களை உறுத்துவது இந்த 5.4. கல்லீரலில் கொழுப்பு லேசாக இருப்பது குளோபுலினை இந்த அளவுக்கு ஏற்றாது. எதிர்ப்புச் சக்தி எங்கோ மிகையாக வேலை செய்கிறது என்று அர்த்தம். ஆட்டோ இம்யூன் ஹெபடைடிஸ் அதற்கு ஒரு காரணம். காசநோய் போன்ற நாள்பட்ட தொற்று, முற்றிய சிரோசிஸ் (கல்லீரல் தழும்பாகி இறுகுவது), எலும்பு மஜ்ஜைக் கோளாறு ஆகியவையும் காரணமாகலாம். அதனால் அடுத்த ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புப் புரதமான ஐ.ஜி.ஜி. அளவும், ரத்தப் புரதங்களைப் பிரித்துப் படமாகக் காட்டும் சீரம் புரோட்டீன் எலக்ட்ரோபோரசிஸும் சேரட்டும். ஐ.ஜி.ஜி. பொதுவாக டெசிலிட்டருக்கு 700 முதல் 1,600 மி.கி. வரை. எலக்ட்ரோபோரசிஸ் படத்தில் குளோபுலின் அகலமான மேடாக எழும்பியிருந்தால் அழற்சி பக்கம், ஒல்லியான ஊசிமுனையாக எழும்பியிருந்தால் மஜ்ஜை பக்கம் தேட வேண்டும்.

அதே ரத்தத்தில் பார்க்க வேண்டியவை இன்னும் உண்டு. ஏ.என்.ஏ., ஏ.எஸ்.எம்.ஏ., எல்.கே.எம். என்ற மூன்று ஆன்டிபாடிகளையும் ‘ஐ.எஃப்.’ முறையில், அதாவது ஒளிரும் சாயத்தைச் சேர்த்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் முறையில், செய்யச் சொல்லுங்கள். சின்ன லேப்களில் இதை எலைசா முறையில் செய்து ‘0.8, நெகட்டிவ்’ என்று ஒற்றை எண் கொடுப்பார்கள். அதில் நழுவிப் போகிறவர்கள் உண்டு. எல்லாம் நெகட்டிவாக வந்தும் சந்தேகம் தீரவில்லை என்றால் எஸ்.எல்.ஏ. ஆன்டிபாடி பார்க்க வேண்டும். ஹெபடைடிஸ் பி நெகட்டிவ் என்பது எச்.பி.எஸ். ஆன்டிஜனை மட்டும் பார்த்துச் சொன்னதாக இருக்கும். பழைய தொற்றைக் காட்டும் டோட்டல் ஆன்டி எச்.பி. கோர் தனி டெஸ்ட். ஸ்டீராய்டு தொடங்கினால் உறங்கிக் கிடக்கும் பி வைரஸ் விழித்துக்கொள்ளும் என்பதால் அதுவும் அவசியம். உடம்பில் செம்பு தேங்கும் வில்சன் நோய்க்கு செருலோபிளாஸ்மின் பார்க்க வேண்டும். 20-க்குக் கீழே இருந்தால் 24 மணி நேரச் சிறுநீரில் செம்பு அளவும் கண் டாக்டரிடம் ஸ்லிட் லாம்ப் பரிசோதனையும் தேவை. அழற்சியும் கருத்தடை மாத்திரையும் செருலோபிளாஸ்மினை ஏற்றிக் காட்டும் என்பதால் 22 என்று வந்தாலும் விஷயம் முடிந்தது என்று விடக்கூடாது. தைராய்டு டி.எஸ்.எச்., கோதுமைப் புரதத்தால் எதிர்ப்புச் சக்தி தூண்டப்பட்டுக் குடலைத் தாக்கும் சீலியாக் நோய்க்கான டி.டி.ஜி. ஆகியவற்றோடு, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் பி.டி. – ஐ.என்.ஆரும் எடுங்கள். கல்லீரல் தன் வேலையைச் செய்கிறதா என்று சொல்வது ஐ.என்.ஆர். கல்லீரல் செல்கள் எவ்வளவு அழிகின்றன என்பதை மட்டும்தான் எஸ்.ஜி.பி.டி. சொல்லும்.

இனி, பத்து நாள் ஸ்டீராய்டு. பயாப்ஸிக்கு முன்னால் ஸ்டீராய்டு வேண்டாம். ஆட்டோ இம்யூன் ஹெபடைடிஸில் கல்லீரலின் சிறு அறைகளுக்கு எல்லை போட்டிருக்கும் செல்களை, பிளாஸ்மா செல்களும் லிம்ஃபோசைட்டுகளும் கரையான் அரிப்பது போல அரித்திருக்கும். ஸ்லைடில் நோயைக் காட்டிக்கொடுப்பது அந்த அரிப்புதான். ஸ்டீராய்டு ஆரம்பித்த சில நாட்களில் அது மங்கத் தொடங்கும். எஸ்.ஜி.பி.டி.யும் இறங்கும், எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் மருந்தால் வந்த அழற்சியும் ஸ்டீராய்டுக்கு அப்படித்தான் இறங்கும். இறங்கியதை வைத்து நோயின் பெயரைச் சொல்ல முடியாது. பெயர் தெரியாவிட்டால் எத்தனை ஆண்டு மருந்து வேண்டும், எப்போது நிறுத்தலாம் என்பதும் தெரியாது. கண் மஞ்சளாகி ஐ.என்.ஆர். 1.5-ஐத் தாண்டிய அவசர நிலையில் மட்டும் மருத்துவமனை காத்திருக்காது. நீங்கள் அந்த இடத்தில் இல்லை.

காடாவை நிறுத்தி இரண்டு வாரத்தில் ஒரு எல்.எஃப்.டி. (கல்லீரல் ரத்தப் பரிசோதனை), நான்காவது வாரத்தில் இன்னொன்று. நன்றாக இறங்கி வந்தால் பயாப்ஸியைத் தள்ளிப் போடுவது பற்றிப் பேசலாம். ஐ.ஜி.ஜி. ஏறியிருந்து, எஸ்.ஜி.பி.டி.யும் அங்கேயே நின்றால் தள்ளாதீர்கள். பயாப்ஸி விண்ணப்பத்தில் ‘சீந்தில் காடா, இத்தனை வருடம், கடைசியாகக் குடித்த தேதி’ என்று எழுதச் சொல்லுங்கள். அஸ்வகந்தா, கிரீன் டீ மாத்திரை, மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் கேப்சூல், மூட்டுவலிக்கு வாங்கிய டைக்ளோஃபினாக் எதையும் விடவேண்டாம். ‘அது மருந்தில்லையே’ என்று தோன்றும் பொருள்தான் முதலில் எழுத வேண்டியது.

எல்லாம் வந்ததும் மருத்துவர்கள் 2008-ல் வெளியான எளிய மதிப்பெண் முறையில் கூட்டுவார்கள். ஏ.என்.ஏ. அல்லது ஏ.எஸ்.எம்.ஏ. 1:40 (ரத்தத்தை நாற்பது மடங்கு நீர்த்த பிறகும் தெரிவது) என்றால் 1, 1:80 அல்லது அதற்கு மேல் 2. ஐ.ஜி.ஜி. மேல் வரம்பைத் தாண்டினால் 1, வரம்பின் 1.1 மடங்கைத் தாண்டினால் 2. வைரஸ் இல்லை என்றால் 2. பயாப்ஸி ஒத்துப்போனால் 1, அச்சாகப் பொருந்தினால் 2. ஆறு வந்தால் ‘இருக்கலாம்’, ஏழு முதல் ‘உறுதி’. உறுதியானால் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டும், கொஞ்ச நாளில் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசாதயோபிரினும் தருவார்கள். அசாதயோபிரினுக்கு முன் என்.யு.டி.டி.15 மரபணுச் சோதனை உண்டா என்று கேளுங்கள். அந்த மரபணு மாறியிருப்பவர்களுக்கு வெள்ளையணு திடீரென விழும், இந்தியர்களிடையே அந்த மாற்றம் அபூர்வம் இல்லை. விரல் வலிக்கு மூட்டு நோய் மருத்துவரான ரூமடாலஜிஸ்ட்டையும் இதற்கிடையில் பாருங்கள், ஆனால் அங்கே ஊசி போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். மூட்டு ஊசியும் பெரும்பாலும் ஸ்டீராய்டுதான்.

வயது 26. பிலிருபின் 2.4, அதில் டைரக்ட் 0.4. மற்ற எண்கள் எல்லாம் நார்மல். ஆடி மாதம் மாரியம்மனுக்கு விரதம் இருக்கும்போது கண் மஞ்சளாகிறது. அம்மா கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறார்.
– வாசகர், தாராவி

பிலிருபின் என்பது கண்ணை மஞ்சளாக்கும் நிறமி. அதில் டைரக்ட் அல்லாத பகுதி மட்டும் ஏறி, பட்டினியில் இன்னும் கூடுகிறது என்றால் பெரும்பாலும் கில்பர்ட் என்ற பிறவி அமைப்புதான். கல்லீரல் கெடாது, மருந்தும் வேண்டாம். ரத்த அணுக்கள் உடைந்தாலும் இதே எண்கள் வரும் என்பதால் ஒரே ஒருமுறை ஹீமோகுளோபின், ரெட்டிகுலோசைட், எல்.டி.எச்., ரத்தப் படலம், ஜி6பி.டி. பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் கண்ணாடியில் கண்ணைப் பார்ப்பதை விட்டுவிடலாம். வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் யாராவது மிரட்டினால் பழைய ரிப்போர்ட்டுகளைக் காட்டுங்கள். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், விரதம் முடிந்ததும் மஞ்சள் தானாகத்தான் இறங்குகிறது, கீழாநெல்லிக்கு அந்தப் பேர் கிடைக்கிறது.

முடி கொட்டுகிறது என்று போனேன். ஏ.என்.ஏ. ‘பாசிட்டிவ் 1:100, ஸ்பெக்கிள்ட்’ என்று வந்தது. லூபஸா? வயது 29.
– வாசகி, டோம்பிவிலி

எதிர்ப்புச் சக்தி பல உறுப்புகளைத் தாக்கும் லூபஸ் என்று இந்த ஒரு வரியை வைத்துச் சொல்ல முடியாது. ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தைப் பல நாட்டு லேப்கள் சேர்ந்து பார்த்து 1997-ல் வெளியிட்ட கணக்கில், 1:40-ல் ஏறக்குறைய 32 சதவீதம், 1:80-ல் 13 சதவீதம், 1:160-ல் 5 சதவீதம் பேருக்கு ஏ.என்.ஏ. பாசிட்டிவ். உங்கள் 1:100 அந்தக் கூட்டத்துக்குள்ளேயே அடங்கும். லூபஸுக்கான 2019 விதிமுறையில் ஏ.என்.ஏ. 1:80 என்பது உள்ளே நுழையும் டிக்கெட் மட்டும்தான். வண்டி ஏற மற்றவை வேண்டும்: வெயிலில் கன்னம் சிவந்து தடிப்பது, வாய்ப்புண், மூட்டு வீக்கம், காய்ச்சல், சிறுநீரில் புரதம், பிளேட்லெட் குறைவு.

சிறுநீர் ரொட்டீன், சி.பி.சி., கிரியாட்டினின், சி3, சி4, டி.எஸ்.டி.என்.ஏ. எடுத்துப் பாருங்கள். முடிக்கு ஃபெரிட்டினும் டி.எஸ்.எச்.சும். இவை சரியாக இருந்தால் ஏ.என்.ஏ.வை மறுபடி மறுபடி எடுக்க வேண்டாம். அடுத்த தடவை 1:160 என்று வரும், ஒரு மாதத் தூக்கம் போகும், வேறொன்றும் மாறாது. முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் தைராய்டு டெஸ்ட்டுக்கு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள். பல மெஷின்களில் பயோட்டின் குறுக்கே புகுந்து தைராய்டு எண்களைத் தப்பாகக் காட்டும்.

அம்மாவுக்கு 58 வயது. ஒரு வருடமாக உள்ளங்கை, உள்ளங்காலில் அரிப்பு, ராத்திரியில் அதிகம். தோல் டாக்டர் மூன்று தடவை களிம்பு மாற்றிவிட்டார். தற்செயலாக எடுத்ததில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் 410, ஜி.ஜி.டி. 280. எஸ்.ஜி.பி.டி. 62. காமாலை இல்லை. இணையத்தில் பார்த்தால் ‘சிரோசிஸ்’ என்கிறது.
– வாசகர், முலுண்ட்

தோலில் தடிப்பு இல்லாமல் உள்ளங்கையிலும் காலிலும் தொடங்கி இரவில் ஏறும் அரிப்புக்குப் பித்தநீர் தேங்குவதுதான் பல சமயம் காரணம். ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி எலும்பிலிருந்தும் வரும். ஜி.ஜி.டி.யும் கூடவே ஏறியிருப்பதால் இது கல்லீரலிலிருந்து வருகிறது.

முதலில் சோனோகிராபி. பித்தக்குழாய் வீங்கியிருந்தால் அடைப்பு இருக்கிறது, அது வேறு வழி. வீங்கவில்லை என்றால் ஏ.எம்.ஏ. ஆன்டிபாடி. அது 1:40-க்கு மேல் பாசிட்டிவாக இருந்து, ஆல்கலைன் பாஸ்பட்டேஸும் ஏறியிருந்தால் கல்லீரலின் சிறு பித்தக்குழாய்களை எதிர்ப்புச் சக்தி தாக்கும் பிரைமரி பிலியரி கொலாஞ்சைடிஸ் என்று சொல்ல அதுவே போதும். பயாப்ஸி பெரும்பாலும் தேவைப்படாது. இந்த நோயின் பெயரில் 2015 வரை ‘சிரோசிஸ்’ என்ற சொல் இருந்தது. வந்தவர்களில் பெரும்பாலோருக்கு சிரோசிஸ் இல்லாததால் பெயரை மாற்றினார்கள். நீங்கள் படித்த பக்கம் பழையதாக இருக்கும். ஏ.எம்.ஏ. நெகட்டிவ் என்றால் எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் எடுத்துக் குழாய்கள் மணிமாலை போலச் சுருங்கி விரிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

உறுதியானால் அர்சோடிஆக்சிகோலிக் அமிலம் தருவார்கள், கிலோவுக்கு 13 முதல் 15 மி.கி. அம்மா 60 கிலோ என்றால் நாளைக்கு 780 முதல் 900 மி.கி. பல பேருக்கு இது பலிக்காமல் போவதற்கு எடை பார்க்காமல் 300 மாத்திரை ஒன்றோடு நிறுத்திவிடுவது ஒரு காரணம். இன்னொரு தவறு: அரிப்புக்குத் தரும் கொலஸ்டிரமின் பொடியையும் இதையும் ஒரே வேளையில் விழுங்குவது. பொடி மாத்திரையைப் பிடித்துக்கொண்டு குடலோடு வெளியே போய்விடும். மாத்திரை முதலில், பொடி குறைந்தது ஒரு மணி நேரம் கழித்து. அல்லது பொடி சாப்பிட்டு நாலு மணி நேரத்துக்குப் பிறகு மாத்திரை. எலும்பு அடர்த்தி ஸ்கேனும் வைட்டமின் டி அளவும் விட்டுப்போகக் கூடாது.

அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும் என்றால் நீங்களே கூடப் போங்கள். ‘உடம்பெல்லாம் ஒரு மாதிரி பிடுங்குது’ என்று அவர் சொல்வதை இந்தியில் ‘தர்த்’ என்று மாற்றிவிட்டால் டாக்டர் வலியைத் தேடிப் போவார். அரிப்புக்கு இந்தியில் ‘குஜ்லி’, மராத்தியில் ‘காஜ்’. காமாலைக்கு ‘பீலியா’, மராத்தியில் ‘காவீள்’.

பயாப்ஸி என்றால் கல்லீரலில் ஓட்டை போடுவதுதானே? ஒழுகாதா?
– வாசகர், மாட்டுங்கா

ஓட்டைதான், பென்சில் முனையை விடச் சின்னது. விலா எலும்புகளுக்கு இடையே தோலை மரத்துப்போகச் செய்து, சோனோகிராபி பார்த்துக்கொண்டே ஊசி உள்ளே போய் வர ஒரு நொடி. அந்த நொடி மூச்சைப் பிடிக்கச் சொல்வார்கள். பிறகு சில மணி நேரம் படுத்தபடி இருந்து நாடியும் பி.பி.யும் பார்ப்பார்கள். வலது தோளில் வலி வரும், அது கல்லீரல் உறையிலிருந்து வருகிற வலி, பயப்பட வேண்டாம். ரத்தக் கசிவு ஏறக்குறைய 500 பேரில் ஒருவருக்கு வரலாம். பெரிய கசிவு ஆயிரக்கணக்கில் ஒருவருக்கு. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். பிளேட்லெட் மிகக் குறைவு, வயிற்றில் நீர் என்றால் கழுத்து ரத்தக்குழாய் வழியாக எடுக்கும் முறை இருக்கிறது.

எங்களுக்குக் கவலை தருவது ஓட்டையைவிடத் துண்டின் நீளம்தான். 2 செ.மீ. நீளம், உள்ளே 11 போர்ட்டல் டிராக்டாவது (ரத்தக்குழாயும் பித்தக்குழாயும் சேர்ந்து ஓடும் இடங்கள்) இருக்க வேண்டும். ஒரு செ.மீ. துண்டில் மூன்று டிராக்ட் இருந்தால் ரிப்போர்ட்டில் ‘லேசான அழற்சி, கிளினிக்கல் கோரிலேஷன் தேவை’ என்று எழுதுவார்கள். அந்த வரிக்கு ‘எனக்கும் தெரியவில்லை’ என்று பொருள். டிஸ்சார்ஜ் ஆகும்போது ரிப்போர்ட்டோடு மெழுகு பிளாக்கும் ஸ்லைடும் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது கருத்து கேட்கும் இடத்தில் அந்த பிளாக் இருந்தால் மறுபடி ஊசி குத்த வேண்டியதில்லை.

மனைவிக்கு எஸ்.ஜி.ஓ.டி. 310, எஸ்.ஜி.பி.டி. 120. ஜி.ஜி.டி., பிலிருபின் நார்மல். நாலு மாதமாக லிவர் மாத்திரை சாப்பிட்டும் மாற்றமில்லை. ஸ்டேஷன் பாலத்துப் படி ஏற முடியவில்லை, லோக்கலில் ஏறக் கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கிறது.
– வாசகர், கல்யாண்

லிவரை விட்டுவிட்டுத் தசையைப் பாருங்கள். எஸ்.ஜி.ஓ.டி. தசையிலும் நிறைய உண்டு. எஸ்.ஜி.பி.டி.யை விட அது இரண்டு மடங்குக்கு மேல் இருந்து, ஜி.ஜி.டி. நார்மலாக இருந்து, தொடையும் தோளும் தளர்ந்தால் நாளைக்கே தசை நொதியான சி.பி.கே. எடுங்கள். ஆயிரக்கணக்கில் வந்தால் தசை அழற்சி. ரூமடாலஜிஸ்ட் அல்லது நரம்பியல் மருத்துவர் பக்கம் உடனே போகவேண்டும். கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுகிறாரா, தைராய்டு குறைவா என்பதும் அதே நாளில் தெரிய வேண்டும். விழுங்கும்போது புரையேறினாலோ மூச்சு வாங்கினாலோ ஓ.பி.டி. தேதிக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

நாலு டாக்டர், பன்னிரண்டு ரிப்போர்ட், பதில் இல்லை. இனி யாரிடம் போவது? தனியார் மருத்துவமனைக்கு வசதி இல்லை.
– வாசகி, சயான் கோலிவாடா

எஸ்.ஜி.பி.டி., ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் ஆறு மாதத்துக்கு மேல் ஏறியே இருந்தால் கல்லீரல் – குடல் மருத்துவர். மூட்டு, தோல், வாய் வறட்சி, காய்ச்சல் முன்னால் நின்றால் ரூமடாலஜிஸ்ட். மாநகராட்சி மருத்துவமனைகளில் சயான், பரேல் கே.இ.எம்., மும்பை சென்ட்ரல் நாயர் மூன்றிலும் கல்லீரல் – குடல் பிரிவு இருக்கிறது. உங்களுக்கு சயான் நடை தூரம். பொது மெடிசினில் கேஸ் பேப்பர் எடுத்து அங்கிருந்து ரெஃபர் செய்யச் சொல்வது சுற்று வழிதான், ஆனாலும் பதிவு ஒரே இடத்தில் சேரும். பணத்துக்கு அங்கேயே இருக்கும் சமூகப் பணியாளரை ரேஷன் கார்டோடு முதல் வாரத்திலேயே பாருங்கள், பெரிய டெஸ்ட் எழுதிய பிறகு அல்ல.

பன்னிரண்டு ரிப்போர்ட்டையும் டாக்டர் புரட்ட மாட்டார், அவருக்கு நேரம் கிடையாது. ஒரே தாளில் கட்டம் போடுங்கள். மேலே தேதிகள். பக்கத்தில் பிலிருபின், எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், புரதம், ஆல்புமின், பிளேட்லெட், ஐ.என்.ஆர். அதற்குக் கீழே எந்த மாதம் எந்த மருந்து, எந்தக் கஷாயம் தொடங்கி எப்போது நிறுத்தினீர்கள் என்ற கோடு. பாதி நோயாளிகளுக்கு அந்தக் கோட்டையும் எண்களையும் மேலும் கீழுமாக வைத்தாலே விடை தெரிந்துவிடுகிறது. பிளேட்லெட் வருடா வருடம் இறங்கி வருவதையும் அந்தத் தாள்தான் காட்டும். அது மண்ணீரல் வீங்குகிறது, கல்லீரல் தழும்பாகிறது என்பதன் முதல் சாடையாக இருக்கலாம். ஒரே லேபில் எடுங்கள். கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எழுதினால் மூன்று மணி நேரம் வெறும் வயிற்றில் போங்கள், எஸ்.ஜி.பி.டி. பல மடங்கு ஏறியிருக்கும் வாரத்தில் எடுக்காதீர்கள். வீக்கமே கல்லீரலை இறுக்கமாகக் காட்டி, இல்லாத சிரோசிஸை எழுதிக் கொடுத்துவிடும்.

காமாலையோடு பகல் முழுக்கத் தூங்கி வழிவது, பேச்சு குழறுவது, கறுப்பாக மலம் போவது, ரத்த வாந்தி, வயிறு திடீரென உப்புவது: இதில் ஒன்று வந்தாலும் தாள், கட்டம் எதுவும் வேண்டாம். டாக்சி பிடித்து நேராக அவசரப் பிரிவு.